காற்று நிற்காத பைகள்

பிப்ரவரி 6, திங்கள்

எப்சிபாவின் கல்யாணம் முடிவாகிவிட்டது. மே மூன்றாம் தேதி, எங்கள் குன்னூர் சர்ச்சிலேயே. மாப்பிள்ளை தினகர் கோயம்புத்தூரில் கீபோர்டு விற்கிறான், ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கிறான். எதைச் சொன்னாலும் "சூப்பர் மாமா" என்பான். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றேன். அதற்கும் "சூப்பர் மாமா" என்றான். ரெஜிமென்ட் பேண்டில் பைப் மேஜராக இருந்தவனுக்கு இப்படியொரு மருமகன். போகட்டும், அவள் தேர்ந்தெடுத்தது.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். என் மகள் சர்ச்சுக்குள் நுழையும்போது முன்னால் பேக்பைப் வாசிக்கப்படும். என் கையால் செய்த பைப், நானே வாசிப்பேன்.

"அப்போ பொண்ணு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது யாருங்க?" என்றாள் ஜாய்ஸ்.

"உன் தம்பி லாசரஸ் எதுக்கு இருக்கான்? பேங்க்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கான்."

எப்சி தன் அம்மாவைப் பார்த்தாள். இந்த வீட்டுப் பெண்கள் கண்ணாலேயே கமிட்டி கூட்டிவிடுவார்கள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

லாசரஸ் பட்டறைக்கு வந்தான். "அத்தான், இதுல எந்தக் குழல்ல ஊதணும்? அஞ்சு இருக்கே" என்கிறான். முப்பது வருஷமாக என் வீட்டில் சாப்பிடுகிறவன் கேட்கிற கேள்வி. வாயில் வைக்கிற ஊதுகுழல் பையை நிரப்பும். பையைக் கக்கத்தில் இடுக்கி அமுக்கினால் தோளில் சாய்ந்திருக்கும் மூன்று சுருதிக்குழல்களும் ஒரே சுருதியில் இழுக்கும். கீழே விரல் வைக்கிற சாண்டரில் பாட்டு வரும். இவ்வளவுதான். "ஓகோ, அப்போ மூச்சுதான் எல்லாம்" என்றான். பெரிய கண்டுபிடிப்பு.

கல்யாணத்துக்குப் பனை வைரத்தில் செய்கிறேன். உடன்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கூரையிலிருந்து எடுத்த பனங்கைகள். பழுப்பில் கறுப்புக் கோடு ஓடும், இழைத்து எண்ணெய் போட்டால் புலித்தோல் மாதிரி இருக்கும். பூண்களுக்குத் தூத்துக்குடிச் சங்கை வளையமாக அறுத்து வாங்கியிருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் கேட்டு வாங்குவதே இந்த மாதிரி விநோதத்தைத்தான். பாதிப் பேர் வாங்கிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். மாட்டட்டும். ஊதத் தெரியாதவன் ஊதுவதைவிடச் சுவரே மேல்.

சர்ச்சில் பாடகர் குழுத் தலைவருக்கு என்ன வந்ததோ, ஒவ்வொரு பாட்டிலும் அடிகளை நீட்டிக்கொண்டே போகிறார். யாருக்குத்தான் மூச்சு தாங்கும்? நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 1, புதன்

பனை தேறவில்லை. பை நிரம்பவே மாட்டேன் என்கிறது. ஊதி ஊதிக் கண்ணில் பூச்சி பறந்ததுதான் மிச்சம். சுருதிக்குழல்கள் சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு தடவை கத்திவிட்டு அடங்கின. பனை என்பது மரமே இல்லை, நாரைக் கட்டிவைத்த கட்டு. இழைக்கு இழை காற்று கசிகிறது. மூலையில் சாத்திவிட்டேன்.

ஜாய்ஸ் மூக்கு வாய் மூடுகிற துணி ஒன்று தைத்துக் கொடுத்தாள், மரத்தூளுக்காம். பட்டறையில் சாணைக்கல்மேல் மாட்டியிருக்கிறேன். அதற்குத் தூசி படாமல் இருக்கும்.

மார்ச் 12, ஞாயிறு

இந்தத் தடவை தேயிலைக் கட்டை. நூறு வருஷத்துச் செடிகளைப் பிடுங்கிப் போட்ட எஸ்டேட்டிலிருந்து வாங்கினேன். இந்த அருமையான கட்டையைக் கண்ணாடி மேசைக்குக் காலாக்கி டூரிஸ்ட் தலையில் கட்டுகிறார்கள் அறிவாளிகள். கடைசலில் ஏற்றினால் வெண்ணெய்போல் மழமழவென்று வருகிறது. பூண்களுக்கு எருமைக் கொம்பு. கொம்பைக் கடையும்போது மயிர் கருகுகிற நாற்றம். ஜாய்ஸ் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். கலை என்றால் ரோஜாப்பூ வாசம் வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற படிகளை நகராட்சிக்காரர்கள் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். உயரம் உயரமாக வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். கீழேயே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கிறது. நாலு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால் தேவலை. யாருக்கும் உறைக்கவில்லை, எல்லாரும் ஆடு மாதிரி ஏறிப் போகிறார்கள்.

மார்ச் 20, திங்கள்

தேயிலையும் கசிகிறது. கட்டையைக் குற்றம் சொல்ல மாட்டேன், பையைத்தான் சொல்வேன். ஆம்பூர்த் தோல் முன்னைப்போல் இல்லை.

மார்ச் 23, வியாழன்

புதுத் தோல் வாங்கிப் புதுப் பை தைத்து, உள்ளே தேனும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றிப் பதப்படுத்தி வைத்தேன். காலையில் பார்த்தால் குன்னூரிலுள்ள எறும்புகள் எல்லாம் உள்ளே குடித்தனம். எப்சி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பாள், அவளுக்கென்ன.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பாதிரியாருக்கு வயது முப்பது. பவனியை ஓட்டப்பந்தயம் ஆக்கிவிட்டார். ஓசன்னா பாடிக்கொண்டே மேட்டில் ஓடுகிறார். ஒரு நிதானம் வேண்டாமா? நான் கிழவிகளுடன் கடைசியில் வந்தேன், மரியாதையாக.

முடிவு செய்துவிட்டேன். இனி விளையாட்டு வேண்டாம், கருங்காலி. மரங்களில் அதற்குமேல் இல்லை. ஆனால் இப்போது கருங்காலிக் கட்டை கேட்டால் கடைக்காரன் என் கழுத்தைப் பார்க்கிறான். ஊரில் எல்லார் கழுத்திலும் கருங்காலி மாலை. போட்டால் பணம் வருமாம், கண் திருஷ்டி போகுமாம். சாயம் அடித்த ஏதோ கட்டையைப் போட்டுக்கொண்டு வேர்வையில் சட்டை கறுத்துத் திரிகிறார்கள். அசல் வைரம் ஒன்று ஒரு வழியாகக் கிடைத்தது. இரும்பு மாதிரி கனம். இது கசிந்தால் உலகத்தில் எதுவுமே காற்று நிறுத்தாது.

பூண்களுக்கு வெள்ளி. ஜாய்ஸின் பன்னீர்ச்செம்பைக் கேட்டேன். அவள் அம்மா கொடுத்தது. "எப்சி கல்யாணத்துக்குத் தெளிக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றாள். இதுவும் எப்சி கல்யாணத்துக்குத்தான் என்றேன். கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். உருக்கிவிட்டேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

முடிந்தது. இவ்வளவு அழகான பைப்பை நான் பார்த்ததில்லை, பிறர் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. வெள்ளிப் பூணில் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கிறேன். எப்சி வந்து தொட்டுப் பார்த்து, "அப்பா, என்னப்பா இது" என்றாள், கொடியிலிருந்து விரலை எடுக்காமல்.

"ஊதிக் காட்டுங்கப்பா."

பசை காயட்டும் என்றேன்.

ஏப்ரல் 12, புதன்

இதுவும் நிற்கவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

தினகர் சாப்பிட வந்தான். தலையில் கறுப்புக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கையில் கேக் டப்பாவுடன். பிரியாணி வேக நேரமிருந்தது. பட்டறைக்குள் நுழைந்துவிட்டான். பனை சூப்பர், தேயிலை சூப்பர், கருங்காலி செம சூப்பர். பிறகு கேட்டான்.

"எதை மாமா கல்யாணத்துக்கு வாசிக்கப் போறீங்க?"

"எதுவும் தேறல. மூணும் கசியுது."

"மூணுமா? நான் ஒரு தடவை பார்க்கட்டா மாமா? ஆர்மோனியத்துல இதுதான் எனக்கு டெய்லி வேலை."

ஆர்மோனியமும் பேக்பைப்பும் ஒன்றாம். நாய்க்கும் நரிக்கும் வால் இருக்கிறது என்பதுபோல. ஆனாலும் பார்த்துத் தொலையட்டும் என்று விட்டேன். பிரியாணி ஆகிற வரையில் அவன் வாயை மூட வேறு வழியில்லை.

காரிலிருந்து கால்பம்பு கொண்டுவந்தான். குழல்களின் வாயை எல்லாம் தக்கை வைத்து அடைத்தான். ஊதுகுழல் வழியாகப் பம்பை மிதித்துப் பையை நிரப்பி அதையும் அடைத்தான். மூன்று பையையும் இப்படியே. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டிலும் மெதுவாகச் சுற்றிக் காட்டினான். காற்று கசிந்தால் புகை அங்கே சிதறும். சிதறவில்லை. புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"சாப்பிட்டு வந்து பார்க்கலாம் மாமா" என்றான்.

பிரியாணியில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு அவனுக்கு முன்னால் பட்டறைக்குப் போனேன். மேசைமேல் மூன்று பைகளும் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள்போல உப்பிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. பனையை அமுக்கினேன், கல். தேயிலையை அமுக்கினேன், கல். கருங்காலியை அமுக்கவில்லை.

அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தான். என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். எனக்கு எல்லாம் புரிந்ததுபோல அவனுக்கும் புரிந்துவிட்டது. வாயாடிப் பயல், அப்போதுதானா வாயை மூட வேண்டும்?

கடைசியில், "ரீடு கொஞ்சம் கெட்டியா இருக்குமோ மாமா? ஊதுறப்போ இழுத்துப் பிடிக்கும். சில சமயம் அப்படி ஆகும்ல?" என்றான்.

குழலுக்குள் அதிர்கிற நாக்குதான் ரீடு, அது கெட்டி இல்லை. அது அவனுக்கும் தெரியும். எனக்கு ஒரு பொய்யைப் பிச்சை போட்டான். அதைவிட "மாமா, உங்களுக்குத்தான் மூச்சு இல்லை" என்று சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆமா, ரீடுதான்" என்றேன்.

ஏப்ரல் 17, திங்கள்

பட்டறை திறக்கவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

மூன்று தடவை துளை போட்டுக் கடைந்து பூண் மாட்டியபோது ஒரு தடவைகூட என் நெஞ்சைச் சந்தேகப்படவில்லை. மரத்தைச் சந்தேகப்பட்டேன், தோலைச் சந்தேகப்பட்டேன், நகராட்சியைச் சந்தேகப்பட்டேன். இன்று தோலுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறேன் என்று ஜாய்ஸிடம் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குத் தனியாகப் போனேன்.

நெஞ்சு டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண், எப்சியைவிடச் சின்னவள். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் திணித்தாள். குழாய் ஒரு பெட்டியில் போய் முடிகிறது. கடைசல் இல்லை, பூண் இல்லை, சுருதி இல்லை. இதுவும் ஒரு குழலாம்.

"நல்லா இழுத்து, ஒரே மூச்சா ஊதுங்க தாத்தா."

ஊதினேன்.

"ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்... அச்சச்சோ, விட்டுட்டீங்களே தாத்தா. ஊதுறதுன்னா பலூன் ஊதுற மாதிரிங்க. வயித்துலேர்ந்து வரணும்."

குடியரசு தின அணிவகுப்பில் இருபத்திரண்டு பைப்பர்களுக்கு முன்னால் நடந்தவனுக்கு ஊதுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறாள். நான் யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது. தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். நல்ல பெண்தான். அதுதான் எரிச்சல்.

மறுபடி ஊதினேன். மறுபடியும். பெட்டியின் திரையில் ஒரு கோடு எழும்பிப் பாதியிலேயே படுத்துக்கொண்டது. பெட்டியில் எங்கேயாவது கசிகிறதா என்று கேட்டேன். இல்லை தாத்தா என்றாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வருஷக்கணக்காக மரத்தூள் சுவாசித்ததில் நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். கடைசல் வேலையை நிறுத்த வேண்டும். பைப் ஊதுவதை மறந்துவிட வேண்டும். மாஸ்க் போட்டீர்களா என்று கேட்டார். சாணைக்கல்லுக்குப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது பயமாக இருந்தது. சாவதற்குப் பயம் இல்லை. சர்ச் வாசலில், எல்லார் முன்னாலும், எப்சி பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது பை சுருங்கி விழுவதை நினைத்தேன். அதற்குத்தான் பயம்.

ஏப்ரல் 22, சனி

சின்னப்பனுக்கு போன் செய்தேன். எனக்குக் கீழே பேண்டில் இருந்தவன். அன்றைக்கே அரைவேக்காடு. அலங்கார ஸ்வரங்களை எல்லாம் பாதி விழுங்கிவிடுவான், கேட்டால் பல் வலி என்பான். இப்போது கோயம்புத்தூரில் கட்டம்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு நகைக்கடைத் திறப்பு விழாக்களில் சினிமாப் பாட்டு வாசிக்கிறான். இந்த நாட்டில் இன்னும் மூச்சுள்ள பைப்பர் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். கடவுளுக்கு வேடிக்கை பார்ப்பதில் ஆசை அதிகம்.

"மேஜர் சார்! நீங்களா? உங்க வீட்டுக் கல்யாணத்துல நானா?" என்று போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டான். இதெல்லாம் ஒரு சிப்பாய்.

ஏப்ரல் 26, புதன்

சின்னப்பன் வந்தான். தொப்பை போட்டிருக்கிறான். கருங்காலியைக் கையில் வாங்கியதும் சல்யூட் அடித்தான், எனக்கா பைப்புக்கா தெரியவில்லை.

பையை நாலே மூச்சில் நிரப்பினான். கக்கத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினான். மூன்று சுருதிக்குழல்களும் ஒன்றாக எழுந்தன.

நான் செய்த பைப்பை நான் முதல் தடவையாக வெளியே நின்று கேட்கிறேன். ஊதுகிறவன் காதில் தன் மூச்சும் சேர்ந்து கேட்கும், அதனால் முழுசாகத் தெரியாது. இப்போது தெரிந்தது. பட்டறைத் தகரம் அதிர்ந்தது. கனமான, இனிப்பான நாதம், அடியில் லேசாக ஒரு கரகரப்பு. ஜாய்ஸ் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். நான்தான் ஊதுகிறேன் என்று நினைத்து வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், சின்னப்பனைப் பார்த்தாள், கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியுமோ. துணி தைத்துக் கொடுத்தவள்தானே.

"எப்படி சார் இருக்கு?" என்றான் சின்னப்பன்.

"சுமார். மூணாவது அடியில ரெண்டு ஸ்வரத்தை முழுங்கிட்டே."

"பல்லு சார். நீங்க ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன், அப்படியே பிடிச்சுக்கறேன்."

பைப்பை நீட்டினான். எப்சியும் வந்து நின்றுவிட்டாள். ஊதுகுழல் என் முகத்துக்கு நேரே இருந்தது. என் வாயில் என்ன வந்ததென்றால்:

"பொண்ணைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற அப்பன் எப்படிடா ஊதுவான்? நீ ஊது. நான் அவகூட நடக்கணும்."

எப்சி, "லாசரஸ் மாமா?" என்றாள்.

"அவனுக்கு நடக்கத் தெரியாது. வாத்து மாதிரி நடப்பான்."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தொடக்கத்திலிருந்தே இதைத்தான் கேட்க நினைத்தாளாம். கேட்டால் கத்துவேன் என்று கேட்கவில்லையாம். சரிதான், கத்தியிருப்பேன்.

மே 3, புதன்

காலையிலிருந்து மழைத்தூறல். நம் மருமகன் சங்கீத சாகரத்தின் சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் "சூப்பர்" என்கிறார்கள், பரம்பரையாகவே வருகிறது போலிருக்கிறது. தினகரின் கோட்டு இரண்டு அளவு பெரிசு. லாசரஸுக்குக் கூடப் போகிற வேலை போன வருத்தம். அவனைப் பந்தியைப் பார்க்க அனுப்பினேன், அது அவனுக்குப் பிடித்த வேலை.

ரோட்டிலிருந்து சர்ச் வாசலுக்கு ஏற வேண்டும். சின்னப்பன் மேலே நின்று ஆரம்பித்தான். முதல் அடியிலேயே ஒரு ஸ்வரம் போயிற்று. ஜனங்களுக்கு என்ன தெரியும், போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கருங்காலி பாவம், யார் ஊதினாலும் நன்றாகவே பேசுகிறது. எப்சி வெள்ளைப் பட்டில் என் கையைக் கோத்துக்கொண்டாள். சரி, போகலாம் என்றேன்.

ஏழெட்டுப் படி ஏறியிருப்போம். என் நெஞ்சில் கயிற்றைக் கட்டி இழுக்கிற மாதிரி ஆயிற்று. நான் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அவள் நின்றுவிட்டாள்.

"சேலை தடுக்குதுப்பா. கொஞ்சம் நில்லுங்க."

குனிந்து கொசுவத்தைச் சரி செய்தாள். நிதானமாக, ஒவ்வொரு மடிப்பாக. நான் நின்றேன். மூச்சு வந்தது. மறுபடி ஏறினோம். மறுபடி, "தடுக்குதுப்பா." நடுவில் கைப்பிடிச் சுவரோரம் முக்காட்டில் ஏதோ சிக்கிக்கொண்டதாம். சேலை கட்டி ஒரு தடவைகூட இந்தப் பெண் தடுமாறி நான் பார்த்ததில்லை. சேலையில் எந்தக் கோளாறும் இல்லை. சின்னப்பன் மேலே நின்று, பெண் இன்னும் வரவில்லையே என்று அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை அவள் நின்றபோது நானே குனிந்து அவள் முந்தானை ஓரத்தைத் தட்டிவிட்டேன், மழைத்தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு. குனிந்த சாக்கில் இன்னும் நாலு மூச்சு வாங்கிக்கொண்டேன். எங்களைப் பார்த்தவர்கள், இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சேலை கட்டக்கூடத் தெரியவில்லை என்று பேசியிருப்பார்கள். பேசட்டும். தகப்பன் மகளைக் கூட்டிப் போகிறான் என்றுதானே நினைத்தார்கள்.

பீடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். தினகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தான், பல்லைக் காட்டவில்லை, சூப்பர் சொல்லவில்லை. வெளியே பைப் அடங்கிற்று. அவ்வளவு பெரிய சர்ச், குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. பாதிரியார் புத்தகத்தைப் பார்த்து, இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்கு மணம் செய்து கொடுக்கிறவர் யார் என்று கேட்டார்.

ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காற்று மேலே வரவில்லை. எப்சி என் விரலை அழுத்தினாள். பாதிரியார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இந்த மனிதர் எல்லாவற்றிலும் அவசரப்படுகிறவர், இப்போதும் அவசரப்பட்டு என்னைத் தாண்டிப் போய்விடுவார் என்று தோன்றியது. வயிற்றிலிருந்து இழுத்தேன். எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் திரட்டினேன்.

"நான்" என்றேன்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாக ஜாய்ஸ் சொல்கிறாள்.